மண்ணீரல் நிறத்தில் ஒரு பூ

தங்கராசு அண்ணன் பையைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

அவ்வளவுதான் நடந்தது. சத்தம் இல்லை, சண்டை இல்லை. பையை மறுபடி முடிச்சுப் போட்டார். பைக்கில் மாட்டவில்லை. பலகை மேல் வைத்தார்.

“இன்னைக்கு வேணாம் பாய்” என்றார். போய்விட்டார்.

அவர் சமயநல்லூரில் மெஸ் நடத்துகிறவர். பதினெட்டு வருஷமாக என்னிடம்தான் ஆட்டுக்கறி எடுக்கிறார். காலை எட்டு மணிக்கு வருவார். நான் போட்டுத் தருவதை வாங்கி மாட்டிக்கொண்டு போவார். என்ன பாகம் என்று கேட்க மாட்டார். திறந்து பார்க்க மாட்டார். சுவரொட்டி மட்டும் அவருக்கென்று தனியாக எடுத்து வைப்பேன். ஆட்டின் மண்ணீரலை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவருடைய வீட்டம்மாவுக்கு ரத்தம் கம்மி.

பையைத் திறக்காமல் வாங்கிப்போகிறார் பாருங்கள், கறிக்கடைக்காரனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

அன்று முகர்ந்தார்.

இது நடந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். புரட்டாசி. நாலைந்து நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது.

என் மூக்கு

போன வாரம் இதே பக்கத்தில் தராசைப் பற்றி எழுதினேன். கறிக்கடைக்குத் தராசைவிட முக்கியம் மூக்கு.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்பு வரை. மீதிப் படிப்பெல்லாம் மூக்கு வழியாக வந்தது. ஆடு அறுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று, ஐஸில் வைத்து எடுத்த கறியா, எல்லாம் வாசல்படியிலேயே தெரிந்துவிடும்.

கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தியில் உட்காரும் முன்பே என் மனைவி ஜரினா என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டினால் கறி சாப்பிடுவாள். ஆட்டாவிட்டால் கத்தரிக்காயும் சோறும்தான். அவள் தம்பி ரபீக் கல்யாணத்திலும் நான் தலையை ஆட்டவில்லை. மாமனார் ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை.

நல்ல வாசனை மட்டும் எனக்குப் பிடிபடாது. இத்தனைக்கும் மதுரையில் பிறந்தவன். மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தால் ஜரினா தலையில் வைத்துக்கொண்டு, “எப்படி இருக்கு?” என்பாள்.

“வெள்ளையா இருக்கு” என்பேன்.

அப்படிப்பட்ட ஆள் கடையில் வாடை.

தங்கராசு அண்ணன் போனதும் நானும் முகர்ந்தேன். இருந்தது. கெட்டுப்போன கறியின் வாடை. பையில் இருந்தது அன்று விடியற்காலை அறுத்த ஆடு. கொக்கியில் தொங்கிய தொடையும் அதே ஆடு. இருந்தும் வாடை வந்தது. ஏழு மணிக்கு இல்லை. வெயில் ஏற ஏற வந்தது.

கட்டை மேல் பழி

முதலில் கறியைச் சந்தேகப்பட்டேன். அன்றைய கறி முழுவதையும் குப்பை வண்டியில் போட்டேன். மறுநாள் புது ஆடு. எட்டு மணிக்கு வாடை வந்துவிட்டது. அதையும் போட்டேன்.

பிறகு சாக்கடையைச் சந்தேகப்பட்டேன். பிறகு கத்திகளை. கடைசியில் கட்டையை.

கறி வெட்டும் கட்டை புளியமரத்தில் செய்தது. நகர்த்த நாலு பேர் வேண்டும். அதன் வயிற்றுக்குள் வாடை இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன். உப்புப் போட்டுத் தேய்த்தேன். சுண்ணாம்பு போட்டேன். வெந்நீர் ஊற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. வெயிலில் காயட்டும் என்று தெருவில் இறக்கி வைத்தேன். கடைக்குள் பழைய பலகை ஒன்றைப் போட்டு வெட்டினேன்.

எதிரே பாத்திரக்கடை வைத்திருப்பவர் வெளியே வந்து பார்த்தார்.

“என்ன பாய், கட்டைக்குக் காய்ச்சலா?”

நான் கத்தியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

தெரு நாய் ஒன்று வந்தது. கட்டையைச் சுற்றி முகர்ந்தது. பிறகு அதன் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டது. கெட்ட வாடை இருந்தால் நாய் அங்கே தூங்குமா? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

ஈயும் வந்தது. உடம்பு பச்சையாக மின்னும் பெரிய ஈ. கடைக்குள் வரவில்லை. வாசலில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மேலே போயிற்று. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

வாடிக்கை ஒவ்வொன்றாக நின்றது. “புரட்டாசியில்ல பாய்” என்று சொன்னார்கள். போன புரட்டாசிக்கு வாங்கியவர்கள்தான்.

அந்த வாரம் தயங்காமல் கடைக்கு வந்தது ஒரே ஆள். செல்வி டீச்சர். அடுத்த தெருவில் இருப்பவர். கல்லூரியில் செடிகொடிப் பாடம் நடத்துகிறார். வாரம் ஒருநாள் கால் கிலோ ஈரல் வாங்குவார்.

நானே கேட்டேன். “வாடை எதுவும் தெரியுதா டீச்சர்?”

“கொரோனா வந்து போனதுல இருந்து எனக்கு எந்த வாடையும் தெரியாதுண்ணே” என்றார்.

எனக்கு மிஞ்சிய ஒரே வாடிக்கைக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

கடை அடைத்த நாள்

காந்தி ஜெயந்தி அன்று கறிக்கடை திறக்கக் கூடாது. முந்தின நாளே கடையைக் கழுவிவிட்டு ஷட்டரை இறக்கினேன். உள்ளே ஒரு துண்டு எலும்பு கிடையாது.

கடைக்கு மேலேதான் எங்கள் வீடு. காலையில் மாடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். வெயில் வந்தது. கூடவே வாடையும் வந்தது.

டம்ளரைக் கீழே வைத்தேன். கடையில் கறி இல்லை. கட்டை தெருவில் கிடக்கிறது. அப்படியானால் குற்றவாளி வேறு ஆள்.

அந்த வாரத்தில் முதல் தடவையாக மூக்கை அதன் போக்கில் விட்டேன். அது என்னைக் கைப்பிடிச் சுவருக்குக் கூட்டிப்போயிற்று. சரியாகக் கீழே கடையின் பெயர்ப்பலகை. சுவர் மேல் ஜரினாவின் செடிகள். புதினா, கற்றாழை. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெயின்ட் வாளி. அதில் இலையே இல்லாத ஒரு செடி. கட்டை விரல் தடிமனில் பச்சைத் தண்டுகள். ஒரு தண்டின் உச்சியில் பந்து மாதிரி ஒரு பூங்கொத்து.

அந்த நிறம் எனக்குத் தெரியும். சுவரொட்டியின் நிறம். கருப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒன்று. அப்போதுதான் வெட்டி வைத்த மாதிரி மினுமினுப்பு வேறு. பத்துப் பன்னிரண்டு ஈக்கள் மொய்த்தன. குனிந்து முகர்ந்தேன். ஓர் அடி பின்னால் வந்தேன்.

“ஜரினா.”

வந்தாள்.

“இது என்ன?”

“ரபீக் குடுத்தது. நர்சரியில வாங்குனானாம். காத்தைச் சுத்தம் பண்ற செடின்னான்.”

அவளும் குனிந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“எனக்கும் நாலஞ்சு நாளா வாடை அடிச்சுச்சு. கீழ இருந்து வருதுன்னு நெனச்சேன். நீங்களே நொந்துபோய் இருக்கீங்க, சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்.”

வீட்டிலேயே என் கறியைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

தங்கராசு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“அண்ணே, வாடை கறியில இல்ல. ஒரு பூவுல இருந்து வருது.”

அந்தப் பக்கம் கல்லாப்பெட்டியை மூடுகிற சத்தம் கேட்டது.

“பாய், கறி கெட்டுப்போச்சுன்னு சொன்னாக்கூட மனுசன்தானேன்னு விட்டுருவேன். பூவு மேல பழி போடாதீங்க.”

வைத்துவிட்டார்.

பாலா, தண்ணியா?

பெயர் தெரியாத பூவைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. டீச்சரை வரச் சொன்னேன். ரபீக்கையும் வரச் சொன்னேன்.

ரபீக் கப்பலூரில் லேத் பட்டறையில் வேலை செய்கிறான். வந்ததும் போனை எடுத்துப் பூவைப் படம் பிடித்தான்.

“மச்சான், ஆப்பிரிக்காச் செடின்னு போடுது.”

“நீ எப்ப ஆப்பிரிக்கா போன மாப்ள?”

“நான் எங்க போனேன். நர்சரிக்காரன் போயிருப்பான்.”

டீச்சர் போனைப் பார்க்கவில்லை. செடியைத்தான் பார்த்தார். பிறகு போலீஸ் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார்.

“ஒரு தண்டை ஒடிங்கண்ணே. பால் வருதா?”

“தண்ணிதான் வருது.”

“அப்ப கள்ளி இல்ல.”

“நாலு பட்டையா இருக்கே டீச்சர்” என்றாள் ஜரினா. “பிரண்டைதானே?”

“பிரண்டைன்னா கணு இருக்கணும். சுருள் சுருளாக் கொடி விடணும். இதுல ரெண்டும் இல்ல. ஓரத்தைத் தடவிப் பாருங்க.”

ஜரினா தடவினாள். ஓரம் நெடுகப் பல் பல்லாக இருந்தது. ரம்பம் மாதிரி. ஆனால் குத்தவில்லை.

“போன் சொல்றது இதுக்குச் சொந்தக்காரச் செடி” என்றார் டீச்சர். “அதுல பூ ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலத்துக்கு நட்சத்திரமா விரியும். இது சின்னப் பூ. அஞ்சு இதழ். எல்லாம் சேந்து தண்டு உச்சியில உருண்டையா நிக்குது. கள்ளிமுளையான் தெரியுமா உங்களுக்கு?”

“தெரியுமே” என்றான் ரபீக். “பாறையில கெடக்கும். பச்சையாவே திங்கலாம். ஆனா அது ஒல்லியா இருக்கும் டீச்சர். பூவும் தண்டு நெடுக ஒண்ணொண்ணாத் தொங்கும். இது வேற.”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். கொஞ்சம் தாமதமாக மூடினான்.

டீச்சர் அவனைப் பார்த்தார். “ரொம்பச் சரி. அதோட பெரியண்ணன் இது. எருமைக் கள்ளிமுளையான்னு சொல்வாங்க. நம்ம பக்கத்து மலையில உள்ளதுதான். ஆனா ஒண்ணு இடிக்குது. இதை யாரும் நர்சரியில வச்சு நான் பாத்ததில்ல.”

வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி மண்ணை அள்ளித் தரையில் பரப்பினார். நர்சரி மண்ணில் தென்னைநார்த் தூள் கலந்திருக்குமாம். இதில் இல்லை. சிவப்புப் பரல், பாறைச் சில்லு, ஒரு காய்ந்த முள்.

“பாறை வெடிப்பு மண்ணு. முள்ளுப்புதர் அடியில இருந்து வந்திருக்கு. எந்த நர்சரி தம்பி?”

ரபீக் தரையைப் பார்த்தான்.

“கீழக்குயில்குடி” என்றான். “மலை மேல.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டாளிகளோடு ஏறியிருக்கிறான். அக்காவுக்கு ஏதாவது கொண்டுபோகலாம் என்று பிடுங்கியிருக்கிறான். அப்போது பூ இல்லை.

“காத்தைச் சுத்தம் பண்ணும்னு யாரு சொன்னா?” என்றேன்.

“நானாத்தான் சொன்னேன்.”

டீச்சர் பையிலிருந்து நோட்டை எடுத்தார். “வாடை எப்படின்னு சொல்லுங்கண்ணே. அதுவும் ஒரு அடையாளம். எனக்குத்தான் தெரியாதே.”

ஒரு வாரமாக ஆட்கள் என் கடையைப் பார்த்து மூக்கைச் சுளித்தார்கள். இவர் என் மூக்கிடம் விவரம் கேட்கிறார். மறுபடி குனிந்தேன். நிதானமாக இழுத்தேன். பயம் இல்லாமல் முகர்ந்தது அப்போதுதான்.

“மூணாம் நாள் ஈரல்” என்றேன். “ஆனா தொண்டையில பிடிக்கல. கெட்ட கறி வாடை அடித்தொண்டையில போய் ஒட்டும். இது மூக்கோட நின்னுருது.”

அப்படியே எழுதிக்கொண்டார். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

“எதுக்கு இந்த வாடை?” என்று ஜரினா கேட்டாள்.

“ஈயை வரவைக்கத்தான். கறின்னு நெனச்சு வரும். முட்டைகூடப் போடும். காலுல மகரந்தத்தை ஒட்டிக்கிட்டு அடுத்த பூவுக்குப் போகும். அங்கயும் ஏமாறும்.”

ஏமாந்த ஈயைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. இரண்டு ஆட்டுக் கறியைக் குப்பையில் போட்டவன் நான்.

“எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வச்சிருங்க” என்றார் டீச்சர். “வேர் நல்லா இருக்கு. பொழச்சுக்கும்.”

மலையில்

சமயநல்லூருக்கு நேரிலேயே போனேன். தங்கராசு அண்ணன் கல்லாவில் இருந்தார்.

“அண்ணே, அது மொளைக்கிற எடத்துலயே காட்டுறேன். ஒரு தடவ வாங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “நாளைக்கு மத்தியானம் மூணு மணிக்கு வாரேன். வாடை அடிக்கலேன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் பாய். நீங்களாப் புரிஞ்சுக்கங்க.”

மறுநாள் ரபீக் பைக்கை ஓட்டினான். நான் வாளியை மடியில் வைத்துப் பின்னால் உட்கார்ந்தேன். தேனி ரோட்டில் போகும்போது மூன்று ஈ எங்களோடு வந்தது. சிக்னலில் நின்றால் உட்காரும். கிளம்பினால் கிளம்பும். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார்.

தங்கராசு அண்ணன் தாமரைக் குளத்துப் பக்கம் நின்றார். டீச்சர் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். நாலு பேரும் படி ஏறினோம்.

பாதி மலையில் பாறையில் செதுக்கிய சமண முனிவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். எறும்பைக்கூட மிதிக்காதவர்கள் என்று சொல்வார்கள். அவர்கள் முன்னால் ஒரு கறிக்கடைக்காரனும் ஒரு கறி மெஸ்காரரும் போய் நின்று மூச்சு வாங்கினோம். அவர்கள் கண்டுகொள்ளவில்லை.

“மொட்டப் பாறையில தேடாதீங்க” என்றார் டீச்சர். “நல்ல மண்ணு இருக்கிற எடத்துலயும் இருக்காது. வெடிப்புல ஒரு பிடி மண்ணு, மேல முள்ளுப்புதர் நெழலு. அப்படிப் பாருங்க.”

“நீ பிடுங்குன எடம் எங்க மாப்ள?”

“எல்லாப் பாறையும் ஒண்ணு போலத்தான் இருக்கு மச்சான்.”

காற்று திரும்பியது. தங்கராசு அண்ணன் நின்றார். மூக்கை உயர்த்தினார்.

“அந்தா அடிக்குதுல்ல. பூவு வாடை.”

“இது பூவு இல்லண்ணே” என்றேன். “செத்தது.”

“பாக்காமயேவா?”

“தொண்டையில பிடிக்குது. நாயா இருக்கும். நாலு நாள் ஆச்சு.”

அவர் நம்பவில்லை. ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு புதர்ப் பக்கம் போனார். விலக்கிப் பார்த்தார். துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

“நாய்தான்.” கொஞ்ச தூரம் நடந்தார். “நாலு நாளுன்னு அது சொல்லல.”

ரபீக் சிரித்துவிட்டான். நான் முன்னால் நடந்தேன். இருபது முப்பது எட்டு வைத்திருப்பேன். நின்றேன். மூணாம் நாள் ஈரல். தொண்டையில் பிடிக்கவில்லை.

“இங்கண்ணே.”

குனிந்து பார்த்தோம். முள்ளுப்புதர். அதன் அடியில் பாறை வெடிப்பு. ஒரு பிடி மண். அதில் நாலு பட்டைத் தண்டுகள் கூட்டமாக நின்றன. இரண்டு உருண்டைப் பூ. சுற்றிலும் ஈ. பக்கத்தில் புதிதாக ஒரு குழி.

“இந்தக் குழி நாந்தான்” என்றான் ரபீக்.

வாளியில் இருந்ததை அந்தக் குழியில் வைத்தான். கையால் மண்ணைத் தள்ளினான். தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தான். கூடவே வந்த மூன்று ஈயும் அங்கேயே தங்கிவிட்டன.

டீச்சரும் குனிந்து ரொம்ப நேரம் இழுத்துப் பார்த்தார். “ஒண்ணும் தெரியல” என்றார். “இன்னைக்கு நாந்தான் குடுத்து வச்சவ.”

தங்கராசு அண்ணன் துண்டை எடுத்துவிட்டு மண்டி போட்டார். பூவுக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கைக் கொண்டுபோனார்.

“எப்பா” என்றார்.

எழுந்து என்னைப் பார்த்தார்.

“இம்புட்டுப் பிரிச்சுச் சொல்ற ஆளு, அன்னைக்கு ஏன்யா ஒரு வார்த்தை சொல்லல? கறி நல்லாருக்கு, எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லியிருந்தா எடுத்துட்டுப் போயிருப்பேன்ல.”

“நீங்க முகந்து பாத்தீங்கண்ணே. அதுக்கப்புறம் என் மூக்கை நானே நம்பல.”

அவர் முழங்காலில் ஒட்டிய பரலைத் தட்டிவிட்டார். இறங்கும்போது எனக்கு முன்னால் போனார். வழுக்கும் இடத்தில் நின்று கையை நீட்டினார்.

எட்டு மணி

மறுநாள் விடிந்ததும் நாலு பேரைப் பிடித்துக் கட்டையை உள்ளே ஏற்றினேன். பாத்திரக்கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காய்ச்சல் விட்டுருச்சா பாய்?”

“விட்டுருச்சு.”

எட்டு மணிக்குப் பைக் சத்தம் கேட்டது. தங்கராசு அண்ணன் இறங்கவில்லை. கையை நீட்டினார். பையைக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டார். கிளம்பினார்.

பத்தடி போய் நிறுத்தினார்.

பையைக் கழற்றினார். முடிச்சை அவிழ்த்தார். என் கையில் கத்தி இருந்தது. அப்படியே நின்றேன். வரிசையில் நின்ற இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

உள்ளே கைவிட்டுச் சுவரொட்டியை எடுத்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார்.

“அப்படியே அந்தப் பூவு நெறம்தான்யா” என்றார்.

உள்ளே போட்டு முடிச்சுப் போட்டார். முகரவில்லை.